மேற்குக் கரைக்கு எந்த மாதம்? வாசகர் கேள்வி – பதில்

கர்நாடகத்தில் மங்களூரிலிருந்து கார்வார் வரை கடலும் மலைக்காடும் ஒன்றை ஒன்று விடாமல் கூடவே வரும். தேசிய நெடுஞ்சாலை 66இல் வடக்கே போனால் இடப்பக்கம் அலை, வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அந்தக் கரையைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் நீண்ட விடுமுறை. ஜோக் அருவி, முருடேஸ்வர், கோகர்ணம் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாமா? (வாசகி, தருமபுரி)

ப: பார்க்கலாம். ஆனால் மே மாதம் ஜோக்கில் பாறைதான் இருக்கும், தண்ணீர் இருக்காது. இந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் தேதி பார்க்கிறார்கள். மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், எந்த இடம் என்பது தானே அமையும்.

நம் மாவட்டங்களில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது 900 மில்லிமீட்டருக்குள்தான். கரையோர ஊரான ஹொன்னாவர் பக்கம் ஜூலை ஒரே மாதத்தில் அவ்வளவும் கொட்டிவிடும். மலைமேல் இருக்கும் ஆகும்பேயில் ஆண்டு மழை 7,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் பாதிவரை அருவிகள் உச்சத்தில் இருக்கும். ஆனால் அதே மாதங்களில் கடலில் இறங்க முடியாது, உடுப்பி பக்கத்துத் தீவுக்குப் படகு ஓடாது, மலைப்பாதையில் மண் சரியும். 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே சிரூரில் நெடுஞ்சாலை 66 மேலேயே மலை சரிந்து உயிர்கள் போயின. நெடுஞ்சாலைதானே என்ற தைரியம் மழைக்காலத்தில் அங்கே உதவாது.

மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்துவது காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும். அருவியில் தண்ணீர் இருக்கும், காடு பச்சையாக இருக்கும், படகுகள் ஓடத் தொடங்கியிருக்கும். கடற்கரை மட்டும் போதும் என்றால் அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் நல்லது. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் கோகர்ணத்தில் அறை வாடகை எகிறும்.

மே மாதம்தான் முடியும் என்றால் ஜோக்கை விட்டுவிடுங்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் மட்டும் வெளியே போகிற மாதிரி திட்டமிடுங்கள். நம்மூர் வெயில் காய்ந்த வெயில், வேர்வை உடனே உலர்ந்துவிடும். அங்கே காற்றில் ஈரம் அதிகம். வேர்வை உடம்பிலேயே நிற்கும், சூடு இறங்காது. 34 டிகிரியிலேயே பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

கே: எங்கள் ஊருக்கு ரயில் நிலையமே இல்லை. காரில் போவதா, பெங்களூர் போய் ரயில் ஏறுவதா? (வாசகர், கிருஷ்ணகிரி)

ப: நான்கு பேருக்குள் என்றால் ரயிலே மேல். பெங்களூர் கே.எஸ்.ஆர். நிலையத்திலிருந்து மாலையில் கிளம்பும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் ஹாசன், உடுப்பி, குந்தாப்பூர், முருடேஸ்வர், ஹொன்னாவர், கும்டா, கோகர்ண ரோடு வழியாக மறுநாள் காலை கார்வார் சேரும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை இருந்த 120 நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பலர் இன்னும் தேதியைத் தவறவிடுகிறார்கள். நீண்ட விடுமுறை நாட்களில் முதல் நாளே இடம் போய்விடும்.

கோகர்ண ரோடு நிலையத்திலிருந்து ஊர் 10 கிலோமீட்டர் சுமார். ஆட்டோவுக்கு முதலிலேயே விலை பேசிவிடுங்கள்.

இந்த இரவு ரயிலில் ஒரு குறை உண்டு. சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் நடுவே 55 கிலோமீட்டர் மலை இறக்கம், 57 சுரங்கங்கள். இத்தனையையும் இருட்டில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவீர்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் யஷ்வந்த்பூரிலிருந்து வாரத்தில் சில நாள் பகலில் கிளம்பும் ரயிலில், கண்ணாடிக் கூரை வைத்த விஸ்டாடோம் பெட்டியில் எடுங்கள். தண்டவாளப் பணிக்காகப் பகல் ரயில்களை அவ்வப்போது நிறுத்திவைப்பதால், பதிவு செய்வதற்கு முன் அந்தத் தேதியில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் போவதானால் அதிகாலை 4 மணிக்கே கிளம்புங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் ரோட்டில் ஏறி, தும்கூர் ரோட்டில் இறங்கிவிட்டால் பெங்களூர் நெரிசலைத் தொடாமல் போகலாம். 7 மணிக்கு மேல் ஓசூர் ரோட்டில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விடும். தும்கூர், அரசிக்கெரே, சிவமொக்கா, சாகர் வழியாக ஜோக் சுமார் 490 கிலோமீட்டர். முதல் இரவு சாகரில் தங்குங்கள். மறுநாள் காலை அருவியைப் பார்த்துவிட்டு கெருசொப்பா மலைப்பாதையில் ஹொன்னாவருக்கு இறங்கினால் 60 கிலோமீட்டர். பிறகு கரையோரமாகத் தெற்கே முருடேஸ்வர், மரவந்தே, உடுப்பி பார்த்துக்கொண்டு மங்களூர் போய், சிரடி மலைப்பாதையில் ஏறி சக்லேஷ்பூர், ஹாசன் வழியாகத் திரும்பலாம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

இறக்கத்தில் செய்கிற தவறு ஒன்றுதான்: மூன்றாவது, நான்காவது கியரில் விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவது. பத்துக் கொண்டை ஊசி வளைவுக்குள் பிரேக் காய்ந்து, ரப்பர் கருகும் வாடை வரும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறைவுதான். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ, இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. வாடை வந்துவிட்டால் ஓரம் கட்டி 20 நிமிடம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் நெளிந்துவிடும்.

கே: பதினெட்டுப் பேர் வேன் எடுத்துப் போகிறோம். சொந்தக்காரரின் வெள்ளை போர்டு வேன் மலிவாகக் கிடைக்கிறது. (வாசகர், ஓசூர்)

ப: வேண்டாம். வாடகைக்கு ஓட்டும் வெள்ளை போர்டு வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கும். பிடிபட்டால் வழியிலேயே பறிமுதல். மஞ்சள் போர்டு எடுங்கள். அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் கர்நாடகத்துக்குத் தற்காலிக பெர்மிட்டும் வரியும் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் கட்டியாயிற்றா என்று ரசீதையே கையில் வாங்கிப் பாருங்கள். பெர்மிட், வரி, டோல், டிரைவர் படி எல்லாம் பேசிய தொகைக்குள்ளா வெளியிலா என்பதை எழுதி வாங்கிவிட்டால் திரும்பி வரும்போது தகராறு இருக்காது.

கே: என் மகன் கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவன். ஒகேனக்கல்லிலும் நன்றாக நீந்துவான். கோகர்ணத்தில் கடலில் குளிக்க விடலாமா? (வாசகர், பென்னாகரம்)

ப: நன்றாக நீந்தத் தெரிந்தவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். ஆற்றில் தண்ணீர் ஒரே பக்கம் போகும், கரை பக்கத்திலேயே இருக்கும். கடலோ, கரையிலிருந்து உள்ளே இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் கை சோர்ந்துபோவதுதான் மூழ்குகிறவர்களுக்கு நடப்பது.

இழுப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் தப்பிப்பதும் புரியும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எல்லாம் திரும்பிப் போயாக வேண்டும். அடியில் மணல் திட்டு எங்கே உடைந்திருக்கிறதோ, அந்த இடைவெளியில் எல்லாத் தண்ணீரும் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள் ஓடும். மேலே நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும். நடுவில் மட்டும் அலை இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாக ஒரு பட்டை தெரியும். நுரையும் குப்பையும் அதில் உள்நோக்கிப் போகும். அமைதியாக இருக்கிறதே என்று குடும்பத்தோடு இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். வேகமாக ஓடும்போது அந்த நீரோட்டத்தை ஒலிம்பிக் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் மல்லாந்து மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்த வேண்டும். அந்தப் பட்டையின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதைத் தாண்டி அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளும். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனை வீசினால், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் இறந்த செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம்.

2024 டிசம்பரில் முருடேஸ்வரில், சுற்றுலா வந்த பள்ளி மாணவியர் நால்வர் அலையில் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டமான கோலாரிலிருந்து வந்த பிள்ளைகள். மழைக்காலம்கூட இல்லை. ஆகவே உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், கொடிகளுக்கு நடுவே, இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளிக்கட்டும். சிவப்புக் கொடி என்றால் கால் நனைப்பதோடு சரி. கோகர்ணத்து ஓம் கடற்கரையில் பாறை மேல் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். பாசி காய்ந்தது போலவே தெரியும், கால் வைத்தால் வழுக்கும்.

கே: உடுப்பி பக்கம் கடலுக்குள் ஒரு தீவில் கல்லெல்லாம் செதுக்கிய தூண் மாதிரி நிற்கிறதாமே? கல்குவாரி ஊர்க்காரன் என்பதால் கேட்கிறேன். (வாசகர், காவேரிப்பட்டணம்)

ப: செயின்ட் மேரீஸ் தீவு. உளி படாத கற்கள். ஐந்து பட்டை, ஆறு பட்டை, ஏழு பட்டைத் தூண்கள், ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கிவைத்த பென்சில் கட்டு மாதிரி நிற்கும்.

கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் எப்படி வெடிக்கும் என்று பார்த்திருப்பீர்கள். ஈரம் போகப்போக மண் சுருங்கும். சுருங்க இடம் இல்லாததால் பாளம் பாளமாக, ஐந்து, ஆறு மூலைகளோடு பிளக்கும். எரிமலைக் குழம்பு ஆறும்போதும் அதேதான் நடக்கிறது. மேல்பரப்பில் விழுந்த விரிசல், குழம்பு உள்ளே ஆற ஆறக் கீழே இறங்கிக்கொண்டே போய் முழுத் தூணாகிவிடுகிறது. நடந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவிடமாக அறிவித்திருக்கிறது.

நம்மூர்ப் பாறை இதைவிடப் பல மடங்கு பழையது, 250 கோடி ஆண்டு சொல்வார்கள். பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக இறுகியதால் அதில் மணி மணியாகப் படிகம் தெரியும். தீவுக் கல் மேலே வந்து சீக்கிரம் ஆறியது. உடைந்த முகத்தை உற்றுப் பார்த்தால் மாவு மாதிரி நைசாக இருக்கும். உங்கள் கண்ணுக்கு அந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

உடுப்பியிலிருந்து 6 கிலோமீட்டரில் மால்பே. படகு அங்கிருந்துதான். மழைக்காலம் முழுக்க ஓடாது. முதல் படகில் போங்கள். தீவில் தென்னை நிழல்தான் உண்டு, 11 மணிக்கு மேல் கல் சுடும். கரையில் மணலைவிடச் சிப்பி ஓடுதான் அதிகம், வெறுங்காலைக் கிழித்துவிடும். ரப்பர் செருப்பு தூண் இடுக்கில் மாட்டிக் கழன்றுவிடும். பின்னால் வார் வைத்த செருப்பு போடுங்கள். கடல் உள்வாங்கியிருக்கும் நேரமானால் அடித் தூண்களும் தெரியும். சின்னத் துண்டுகூட எடுத்து வரக் கூடாது.

கே: அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. கோகர்ணம் பார்க்க ஆசைப்படுகிறார். எங்கெல்லாம் அழைத்துப் போகலாம்? (வாசகி, அரூர்)

ப: கோகர்ணம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். துளுவ நாட்டில் பாடல் பெற்றது அது ஒன்றுதான். கோயில் தரைமட்டத்தில் இருப்பதால் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. ஆண்கள் சட்டை கழற்றி வேட்டி கட்ட வேண்டும், பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த காலை நேரத்தில் போங்கள். ஓம் கடற்கரைக்கு வண்டி நிற்கும் இடத்திலிருந்து செம்புரைக்கல் படிகள் இறங்க வேண்டும், அது வேண்டாம்.

முருடேஸ்வரில் 20 நிலை, 237 அடி ராஜகோபுரத்துக்குள் லிப்ட் இருக்கிறது. மேலே ஜன்னலிலிருந்து 123 அடி சிவன் சிலையையும் மூன்று பக்கக் கடலையும் ஏறாமலே பார்க்கலாம். ஹொன்னாவர் அருகே சராவதி முகத்துவாரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் மர நடைபாதை போட்டிருக்கிறார்கள், சமதளம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் வேர்களுக்கு இடையே தண்ணீர் தளும்பும். இறங்கிவிட்டால் சேறும் வாடையும்தான். பக்கத்துக் காசர்கோடு கடற்கரை 2020இல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்றது. கேரளத்துக் காசர்கோடு வேறு, மேப்பில் பார்த்து மாறிப் போய்விடாதீர்கள். குந்தாப்பூருக்கு வடக்கே மரவந்தேயில் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு. வண்டியிலிருந்தே பார்க்கலாம்.

கும்டா பக்கத்துக் காட்டில் இருக்கும் யானாவின் 120 மீட்டர் கரும்பாறைக்கு நடையும் படியும் உண்டு, அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். ரயில் பதிவில் மூத்தோருக்கான கீழ்ப்படுக்கைக் கோட்டா, ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்குள் இருந்தால்தான் கிடைக்கும். குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால் மேல்படுக்கை வந்துவிடலாம். அம்மாவுக்குத் தனியாகப் போடுங்கள்.

கே: ஜோக்கில் தண்ணீர் விழுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், ஊத்தங்கரை)

ப: ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா என்று பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல இங்கே லிங்கனமக்கி அணை. 1964இல் கட்டிய அணை சராவதித் தண்ணீரை மின்சாரத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முழு மட்டம் 1,819 அடி. அதை நெருங்கி மதகு திறந்த செய்தி வந்தால் உடனே கிளம்புங்கள். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்ற நான்கும் ஒன்றாகிக் கொட்டும். 253 மீட்டர் ஒரே தாவலில் விழுவது ராஜா. மற்ற நாட்களில் மேலே பெய்த மழைத்தண்ணீர்தான், டிசம்பர் தாண்டினால் நூல் போல் ஆகிவிடும்.

ஆகஸ்டில் போய் வெள்ளைப் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று பத்து நிமிடத்தில் திரும்புகிறவர்கள் நிறைய. அரை மணி, முக்கால் மணி காத்திருங்கள், காற்று வீசியதும் திரை விலகும். 2025 தொடக்கத்தில் நுழைவாயில் பணிக்காகச் சில மாதம் மூடியிருந்தார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

கே: அட்டைக்கு உப்பு போதுமா? உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே, அது என்ன? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

ப: அட்டை மழைக்காலத்தில். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்பு போட்டால் அது குடித்ததைப் புண்ணுக்குள் கக்கும், சீழ் பிடிக்கும். உப்பையும் மூக்குப்பொடியையும் காலுறையிலும் ஷூவிலும் முன்கூட்டியே தேயுங்கள். ஒட்டிவிட்டால் விரல் நகத்தை அதன் வாய்க்கு அடியில் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டிருப்பதால் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

உண்ணி வறண்ட மாதங்களில். அதில்தான் உண்மையான ஆபத்து. 1957இல் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததையொட்டிக் கண்டுபிடித்த வைரஸ் காய்ச்சல் அது. டிசம்பர் முதல் மே வரை சாகர், சித்தாபூர், சிர்சி காடுகளில் பரவும். ஆட்டுக் காதில் நாம் பார்க்கும் பருத்த உண்ணி மாதிரி இருக்காது. அதன் குஞ்சு கடுகைவிடச் சிறியது, சருகு மேல் உட்கார்ந்தால் தெரியாமலே ஏறிவிடும். முழுக்கை, முழுக்கால் சட்டை, கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுவது, பூச்சி விரட்டி எண்ணெய், அறைக்கு வந்ததும் துணியைக் கொதிநீரில் போட்டுச் சோப்போடு குளிப்பது, இவ்வளவும் செய்யுங்கள். செத்த குரங்கைக் கண்டால் அந்தப் பாதையை விட்டு உடனே திரும்புங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் பத்து நாளில் திடீர்க் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், மலைநாட்டுக் காட்டுக்குப் போய்வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கே: இரண்டு நாள்தான் விடுப்பு. (வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி)

ப: மேற்கே வேண்டாம், ஒன்றரை நாள் சாலையிலேயே போய்விடும். சேலம், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போய்த் தங்கி, மறுநாள் காலை முதல் படகில் பிச்சாவரம் பாருங்கள். சுரபுன்னைக் கிளைகள் தலைக்கு மேல் கூடும் குறுகிய ஓடைகளுக்கு மோட்டார் படகு போகாது, துடுப்புப் படகு கேட்டு எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை பார்த்துக் கிளம்ப வேண்டும்.

கே: அணை மீன் வறுவலே சாப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். அங்கே என்ன மீன் கேட்பது? (வாசகர், பாலக்கோடு)

ப: ஓட்டலில் பெயர் வேறாக இருக்கும். பங்குடே நம் அயிலை, பூத்தாய் மத்தி, அஞ்சல் வஞ்சரம், கானே கிழங்கான். முள் எடுக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அஞ்சல் துண்டு வாங்குங்கள். கானே ரவை வறுவல் பெரியவர்களுக்கு. விலைப்பட்டியலில் மீனுக்கு மட்டும் விலை போடாமல் இருந்தால் அளவைக் கண்ணால் பார்த்து, விலை கேட்டு, அப்புறம் சமைக்கச் சொல்லுங்கள். குழம்புக்குக் குச்சலக்கி என்கிற பருமனான சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு தருவார்கள். ஒத்துவராது என்றால் நீர்தோசை கேளுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் பெரிய மீன் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாகவே இருக்கும், அகநாசினி ஆற்று முகத்துவாரத்து மட்டியோ ஆற்று மீனோ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.